கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கால்பந்து மேட்ச்

பொன்னுசாமி என்ற டையிங் மாஸ்டருக்கு வேலை போனது நான் சொன்ன ஒரு பொய்யால். அதைச் சொன்ன இடம் திருப்பூர் அல்ல, ஐரோப்பாவில் ஒரு கால்பந்து மைதானம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடம் பேசும் வேலை எனக்கு வந்தது. ஐரோப்பாவில் ஒரு கால்பந்து அணியின் ரசிகர்கள் போட்டுக்கொள்ள நீல நிற டி-ஷர்ட் ஆர்டர் பிடித்தோம். பையர் அனுப்பிய துணித்துண்டின் நிறம் அப்படியே வர வேண்டும். பாதி வழியில் ஒரு சாயம் தீர்ந்துபோனது. இருப்பதை வைத்து முடியுங்கள் என்று சொன்னவன் நான்தான்.

பொன்னுசாமி வேறு சாயம் கலந்து சாயங்காலம் துணியைக் கொண்டுவந்தார். ஆபீஸ் டியூப்லைட்டில் வைத்துப் பார்த்தேன். அச்சாக ஒத்துப்போனது.

“கலவை மாறியிருக்குதுங்க சார். காலைல வெயில்ல ஒருக்காப் பாத்துப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

வெயிலில் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை. ஆனால் கட்டிங்கில் ஆட்கள் துணிக்காகக் காத்திருந்தார்கள், எனக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். ஷேடு கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் அதில் கையெழுத்துப் போட்டவன்தான் நிறத்துக்குப் பொறுப்பு.

அடுத்த ஆர்டர் பேச நானே பையரின் ஊருக்குப் போனேன். பையர் அந்த அணியின் பரம ரசிகர். நம் சட்டைகள் இன்றைக்குத்தான் விற்பனைக்கு வருகின்றன, வந்து பாருங்கள் என்று மதிய மேட்சுக்குக் கூட்டிப்போனார்.

முதல் நாள் முதல் காட்சியில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவன் நான். அங்கே போன பிறகுதான் நம் ஆட்கள் எவ்வளவு சாது என்று தெரிந்தது. என் பக்கத்தில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர். எனக்காக இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். விசில் ஊதியதும் அதே மனிதர் எழுந்து நின்று நடுவரின் வம்சத்தையே தெருவுக்கு இழுத்தார். எனக்கு முன்னால் இருந்தவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. அவர் பார்த்தால் அணி தோற்றுவிடுமாம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மனைவி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் வெயில் அடிப்பதே அபூர்வம் என்பார்கள். அன்று பார்த்து மேகம் விலகியது. எதிரே ஒரு பகுதி முழுக்க எங்கள் கம்பெனி சட்டை. மைதானத்துக் கடையின் டியூப்லைட்டில் நீலமாக இருந்தது, வெயில் பட்டதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கத்தரிப்பூ எதிரணியின் நிறம்.

முதலில் எதிரணி ரசிகர்கள்தான் கவனித்தார்கள். எங்கள் பக்கம் வந்துவிட்டீர்களா, வாருங்கள் வாருங்கள் என்று கையை நீட்டிப் பாட ஆரம்பித்தார்கள். நீல அணிக்காரர்கள் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் அந்தக் குளிரில் நூற்றுக்கணக்கான பேர் சட்டையைக் கழற்றி வீசினார்கள். எங்கள் தையல் உறுதியானது, சிலரால் கிழிக்க முடியவில்லை. அதில் எனக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது.

பையர் என் பக்கம் திரும்பி, இந்த நிறத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்டார்.

“எங்கள் டையிங் மாஸ்டர், என்னைக் கேட்காமல் சாயத்தை மாற்றிவிட்டார்” என்றேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் பையரின் ஃபேக்ஸ் முதலாளி மேஜைக்கு வந்துவிட்டது. முதலாளி கேட்டபோது அதையே மறுபடி சொன்னேன். ஷேடு கார்டைக் காட்டச் சொல்லவில்லை, பொன்னுசாமி சொன்ன உண்மையை நம்பவும் இல்லை, என் படிப்பின் மேல் அவருக்கு அத்தனை மரியாதை. வேலை போன பொன்னுசாமி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “நீங்களாங்க சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் ஃபைலைப் புரட்டினேன்.

ஷேடு மாற்றியவர் என்று பேர் வந்துவிட்டால் எந்த டையிங் பட்டறையிலும் சேர்க்க மாட்டார்கள். ஏழு மாதம் கழித்து அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் அவர் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முகமெல்லாம் கரி. என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் வைத்தார். என்னால் பதில் வணக்கம் வைக்க முடியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “எட்டாவது படிச்ச மனுசன் நெசத்தைச் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டாரு. நீங்க எம்.ஏ. படிச்சதுக்கு நல்லாத்தான் பொய் சொல்லியிருக்கறீங்க” என்றார். பையருக்கு நான் உண்மையை எழுதினேன். அடுத்த ஆர்டர் வரவில்லை, என்னையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பொன்னுசாமியைத் திரும்பக் கூப்பிட முதலாளி கொடுத்த கடிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

“கடுதாசி எனக்கெதுக்குங்க? நான் என்ன பண்ணுனேன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

போனேன். அவரைச் சேர்க்க மறுத்த பதினொரு டையிங் பட்டறைகளிலும் ஏறி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சில இடங்களில் டீ வாங்கிக் கொடுத்து, சட்டையைக் கழற்றி வீசின கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். ஒருவர் உடனே பொன்னுசாமியை வேலைக்கு எடுத்துக்கொண்டார். மூன்று பேர் மட்டும் நம்பவில்லை. அதில் ஒருவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய மனசுங்க உங்குளுக்கு. ஒரு வேலைக்காரனுக்கோசரம் பழியத் தாங்கிக்கறீங்க” என்றார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. மறுக்க மறுக்க என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

இதைப் பொன்னுசாமியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த மேட்சில் யார் ஜெயித்தது என்றார். நம் சட்டை போட்டவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றேன்.

“அதையுமு எம்பட மேலயே சொல்லிப்போட்டு வந்துட்டீங்களா சார்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு அவர் திரும்பி வரவும் இல்லை. இளைய மெர்ச்சண்டைசர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதைத் திரும்ப வாங்கப் பதினொரு படி ஏறினேன். அதில் மூன்று இடங்களில் இன்றுவரை நான்தான் நல்லவன்.