ஆறாம் படுக்கையின் சிவப்பு மூடி

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். பதினோரு வருடமாக ஆய்வகத்தில் சிறுநீர் டப்பாக்களோடு மாரடிக்கிறவள் நான். பேய்க்கெல்லாம் எனக்கு நேரமில்லை. ஆனாலும் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அன்று என் அண்ணன் எங்கள் மருத்துவமனையிலேயே ஆறாம் படுக்கையில் கிடந்தான். ஐந்து நாளாக வயிற்றுவலி. கணையமாக இருக்குமோ என்று, கணையம் வீங்கினால் ஏறும் அமிலேஸை ரத்தத்தில் பார்த்தோம். அளவு சரியாகத்தான் இருந்தது. "வாயுத் தொல்லைதான். மூணு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

மதியம் 2.10. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாதிரி வாங்கும் ஜன்னலில் சத்தம்.

டக்... டக்... டக்...

ஒல்லியான ஓர் ஆள். நோயாளிச் சட்டை. டப்பாவை உள்ளே நீட்டினார்.

"ஆறாம் படுக்கை. இதையாவது பாத்துடும்மா."

"வைங்க. சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன."

என்றைக்கு? நிமிர்ந்தேன். ஆளைக் காணோம்.

அண்ணனுடையதாயிற்றே என்று பசியோடு எடுத்தேன். சிவப்பு மூடி. நாங்கள் மஞ்சள் மூடிக்கு மாறி மூன்று மாதமாகிறது. டப்பா சூடாக இருந்தது.

2.31. இயந்திரம் காட்டிய அமிலேஸ் அளவு 2,840. எங்கள் கணக்கில் ஐந்நூறைத் தாண்டினாலே ஆபத்து.

மறுபடி இயந்திரத்தில் ஓட்டினேன். 2,840.

ரத்தத்தில் அளவு குறைந்த பிறகும் அமிலேஸ் சிறுநீரில் இன்னும் சில நாள் தங்கும். தெரிந்தும் அண்ணனின் சிறுநீரை நான் கேட்டு வாங்கவில்லை. வார்டுக்கு ஓடினேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. பிழைத்தான்.

"நல்லவேள, அந்த ஆள்கிட்ட டப்பாவக் குடுத்து விட்ட" என்றேன்.

"எந்த ஆள்? நான் எதுவும் குடுக்கலியே."

5.40. ஆய்வகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். நாலு மாதத்துக்கு முன். ஆறாம் படுக்கை. சிறுநீர் அமிலேஸ்... "மாதிரி போதவில்லை."

என் கையெழுத்து.

அன்று டப்பா நிறைய இருந்தது. எனக்குப் பசி. கொட்டிவிட்டேன்.

அந்த நோயாளி என்னவானார் என்று வார்டு சிஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன்.

"அவரா? வீட்டுக்கு அனுப்பினோமே... நாலாம் நாள் போயிட்டாரு. கணையம்."

மேசையில் என் கை எதன் மீதோ பட்டது.

சிவப்பு மூடி.

இன்னும் சூடாக...