நூற்றைம்பதில் நின்ற மூச்சு

1996, புரட்டாசி மாதம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்துமாவும் பஞ்சுத் தூசியும் கூட்டுச் சேர்ந்து, என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"மூச்சுக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு" என்றவர், ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். பக்கவாட்டில் அளவுகோல், ஊதும் வேகத்துக்கு ஏற்ப அதில் நகரும் சின்ன முள். நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் ஊதினேன். நானூறு.

"வெளிநாட்டுல, மூச்சுல வர்ற நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயுவ அளந்தே வீக்கத்தக் கண்டுபிடிக்கப் பாக்கிறாங்க. அது இங்க வர்ற வரைக்கும் இந்தக் குழாய்தான். தினமும் காலையில மூணு தடவை ஊதுங்க. இருநூறுக்குக் கீழ போனா உடனே வந்துருங்க" என்று மருந்தோடு குழாயையும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை ஊதினேன். நூற்றைம்பது. மறுபடியும் நூற்றைம்பது. மூன்றாவது முறை கண் பிதுங்க ஊதியும் முள் அதே இடத்தில் நின்றது. அன்று காலை அதுவரை லேசாக இருந்த நெஞ்சு, அந்த எண்ணைப் பார்த்ததும் அடைக்கத் தொடங்கியது.

"ஏட்டி, நான் போயிட்டா என் சைக்கிள உன் தம்பிக்கு மட்டும் குடுத்துராத!"

"மொதல்ல சட்டையத் திருப்பிப் போடுங்க. உள்பக்கம் வெளிய இருக்கு" என்றாள் மனைவி.

நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போன நேரம் பஸ் கிளம்பிவிட்டது. ஒரு கையில் குழாய், மறு கையில் மனைவி. ஸ்டாண்டு வாசல் வரை விரட்டி, அவளை ஏற்றிவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். "அண்ணே, மூச்சு நிக்கப் போகுது, ஒரு சீட்டு பாத்துக் குடுங்க" என்று கண்டக்டரிடம் கெஞ்சினேன்.

"இம்புட்டு ஓட்டம் ஓடுன ஆளுக்கா? செத்த நேரம் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாங்கண்ணே" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே, வாய் ஓயாமல் என் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "என் முன்னால ஒரு தடவை ஊதுங்க."

நூற்றைம்பது. கதை முடிந்தது என்று மனைவியைப் பார்த்தேன். இப்போது அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மில்லுல உங்களுக்கு என்ன வேலை?"

"நூல் அறுந்தா, சுத்துற ஸ்பிண்டில் கம்பிய விரலால அமுக்கி நிறுத்தி, இழை சேக்குறதும்மா."

"அதையேதான் இங்கயும் செய்றீங்க. முள்ளு மேல இருக்கிற கட்டைவிரல எடுங்க."

பன்னிரண்டு வருடப் பழக்கம்! கண் முன்னால் எது ஓடினாலும் என் விரல் அதை நிறுத்தப் போய்விடும். விரலை எடுத்துவிட்டு ஊதினேன். நானூற்று இருபது! மனைவி சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திரும்பும்போது கால் கிலோ பால்கோவா வாங்கினாள். கை நீட்டினேன். "இது சைக்கிள் கெடைக்காத என் தம்பிக்கு" என்று பையில் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் மதுரையில், டாக்டரம்மா அன்று சொன்ன அந்த நைட்ரிக் ஆக்சைடு மெஷினிலேயே ஊதினேன். இரண்டு கட்டைவிரல்களையும் மடக்கி வைத்துக்கொண்டுதான்! திரையில் பதினெட்டு என்று வந்தது. வெறும் பதினெட்டா! மனைவிக்குப் போன் போட்டு சைக்கிள் பேச்சை ஆரம்பிப்பதற்குள், "சார், இதுல கொறைஞ்சாத்தான் நல்லது. வீக்கம் நல்லா அடங்கியிருக்கு" என்றார் மெஷின்காரர்.

ஆளும் மாறவில்லை, பயமும் மாறவில்லை. ஆனால் எதைப் பார்த்து மனசு பதறினாலும், முதலில் என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.