கால் எட்டாத வண்டி

லடாக் போகிற பைக்கை விற்கிறவன் திண்டிவனத்தையாவது தாண்டியிருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் சட்டம் எதுவும் இல்லை.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஷோரூமில் எனக்கு வேலை. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த உயரமான வண்டி ஒன்று மாதக்கணக்கில் விற்காமல் நின்றது. "ஆடி பொறக்கறதுக்குள்ள இது போகலேன்னா, நீ ஸ்கூட்டர் பக்கம் போயிடு" என்றுவிட்டார் முதலாளி. ஆடியில் நம் ஜனம் டயர்கூட வாங்காது. ஸ்கூட்டரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், சீட்டுக்கு அடியில் முருங்கைக்காய் மடங்காமல் போகுமா என்ற கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்ல என்னால் ஆகாது. டார்கெட்டில் உயிர் வாழ்கிற யாருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நாலு பக்கமும் கை

காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் நண்பர்களோடு வந்தான். ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "புக் பண்ணிடலாமா தம்பி?" என்று பேனாவை எடுத்தேன். பின்னால் பிடித்திருந்தவன் வாயைத் திறந்தான்.

"மச்சான், இங்க நாங்க புடிச்சிகினு கீறோம், லடாக்ல யார்டா புடிப்பா?"

பள்ளம் தேடி

அடுத்தவர் ஐ.டி.காரர். வீடியோ பார்த்தே வண்டியைக் கரைத்துக் குடித்தவர். மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அதற்கா இங்கே பஞ்சம்! கால்வாய்க்குத் தோண்டிப் போட்ட பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். திரும்பத் திரும்பச் சுற்றினார். "சூப்பர் சார், குலுக்கலே தெரியல" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இறங்கியதும் தெருவை ஒரு பார்வை பார்த்தார்.

"அடுத்த மாசம் இங்க ரோடு போட்டுடுவாங்களாமே, அப்புறம் இந்த வண்டி வேஸ்ட்தானே சார்?"

பின் சீட்டு

மிஞ்சியவர் செல்வம். மறைமலை நகரில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் வந்து இந்த வண்டிமேல் உட்கார்ந்துவிட்டுப் போவார். "லடாக் போயே ஆகணும் சார். வூட்ல ஒத்துக்கமாட்டாங்க" என்பார். வீட்டுக்காரம்மா பார்க்காத வண்டி எங்கள் ஷோரூம் படி இறங்கியதே கிடையாது. "கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கறேன்" என்றேன்.

ஆனி முடியப்போகும்போது இருவரும் வந்தார்கள். அசத்திவிடலாம் என்று பின் சீட்டைக் கழற்றி, கேரியர் மாட்டி, பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தேன். "டென்ட், ஸ்டவ் எல்லாம் இதுல போயிடும்மா. சார் தனியா போனாலும் கவலையே இல்ல" என்று அளந்துவிட்டேன். அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். செல்வம் தரையைப் பார்த்தார். சரி, முருங்கைக்காய்தான் நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா பெட்டியைத் தட்டினார்.

"நானும் லீவு சொல்லிட்டேன், நான் எங்க சார் உக்கார்றது?"

சீட்டு ஏறி, பெட்டி இறங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆடிக்கு முன்னாலேயே வண்டி கிளம்பிவிட்டது. நான் மாய்ந்து மாய்ந்து புகழ்ந்த பெட்டிகளைத்தான் இப்போது ஆடியில் விற்கச் சொல்கிறார் முதலாளி.