பூண்டுப் பாலும் மீன் மாத்திரையும்

லோகாம்பாள் தன் சக்களத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. 'அவ' என்பாள். கோபம் மிஞ்சினால் 'மாகறல்காரி' என்பாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த அப்பாதுரைக்கு லோகாம்பாள் மூத்த தாரம். பிள்ளை இல்லை என்ற காரணம் காட்டி அவர் மாகறலிலிருந்து அலமுவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தார். அலமுவுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் சொல்வார்கள், அடுத்தவள் காதில் விழும்படி.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம், மூட்டை நகர்த்தும்போது அப்பாதுரைக்கு மார்பை அடைத்தது. லோகாம்பாள்தான் ரிக்‌ஷா வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"பிரஷர் எக்கச்சக்கமா இருக்குது. இந்த வெள்ளை மாத்திரைய தினம் காலையில போடணும். நிறுத்தவே கூடாது. பீடியை விடணும், உப்பைக் கொறைக்கணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் லோகாம்பாள் பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்தாள். தென்னேரியில் அவள் அப்பா தள்ளாத வயதிலும் ஏரிக்கரை வரை நடந்தது பூண்டுப் பாலால்தான் என்பது அவள் கட்சி. மறுநாளே அலமு மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தாள். தேன் நிறத்தில், கண்ணாடி மணி மாதிரி இருந்தது.

"இதயத்துக்கு பலமாம். வயசே தெரியாதாம். கடைக்காரரு சொன்னாரு" என்றாள் புருஷனிடம்.

"விக்கறவன் வேற இன்னா சொல்லுவான்?" என்று லோகாம்பாள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பூண்டு நாத்தத்தோட மண்டியில உக்காந்துக்கினு இருந்தா எவன் அரிசி வாங்க வருவான்?"

"மீன் நாத்தம் மட்டும் மல்லிப்பூவா?"

அப்பாதுரை இரண்டையும் விழுங்கினார். ஒருநாள் மூச்சு வாங்காமல் ஏகாம்பரநாதர் கோயில் வரை போய்வந்தார். அது பூண்டாலா மீனாலா என்று வீடு இரண்டுபட்டது. அலமு பாலைத் திரிந்துவிட்டதென்று சாக்கடையில் கொட்டினாள். லோகாம்பாள் மாத்திரை டப்பாவை முற்றத்து வெயிலில் கவிழ்த்தாள். உருகி ஒட்டியதைப் பூனைகள் நக்கின. அலமு மண்ணை வாரித் தூற்றினாள்.

இந்த அமளியில் டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை தீர்ந்துபோனது. மருந்துக் கடைக்குப் போகிறவள் அவள்தானே, வாங்கியிருப்பாள் என்று லோகாம்பாள் இருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனவள் அவள்தானே என்று அலமு இருந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்வதென்றால் வாய் திறந்து பேச வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று அப்பாதுரையும் கேட்கவில்லை. பீடியும் திரும்பி வந்தது.

கார்த்திகையில் ஒரு காலை பல் துலக்கும்போது வாய் கோணிக் கீழே விழுந்தார். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"மாத்திரை போட்டுக்கினு இருந்தாரா?"

"பூண்டுப் பால் தவறாம குடுத்தேங்க" என்றாள் லோகாம்பாள்.

"மீன் மாத்திரை ரெண்டு வேளையும் குடுத்தேன்" என்றாள் அலமு.

"அதை யாரும்மா கேட்டா? நான் எழுதிக் குடுத்தது எங்கே?"

லோகாம்பாள் அலமுவைக் காட்டினாள். அலமு லோகாம்பாளைக் காட்டினாள்.

"பூண்டும் தின்னட்டும், மீன் எண்ணெயும் குடிக்கட்டும். அந்த மாத்திரை செய்யற வேலைய ரெண்டும் செய்யாது" என்று டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

அப்பாதுரைக்கு வலது கை கால் வரவேயில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். ஒருத்தி சோறு ஊட்டினாள், ஒருத்தி துணி மாற்றினாள். அப்போதுதான் அந்த இருவரும் முதன்முறையாக நேருக்கு நேர் பேசினார்கள். "நீதாண்டி" என்றாள் ஒருத்தி. "நீதான்" என்றாள் மற்றவள். அவர் கண்ணில் நீர் வழிய, அவர் தலைக்கு மேலேயே அந்தப் பேச்சு நடந்தது.

அவர் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த அன்று லோகாம்பாளின் தம்பி முனிசாமி சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

"இனிமே யாருக்காவ சண்டை? ரெண்டு பேரும் ஒண்ணா இருங்கக்கா."

"புருஷனைக் கொன்னவ கூடவா?"

உள்ளிருந்து அலமுவின் குரலிலும் அதே கேள்வி வந்தது.

லோகாம்பாள் தம்பியோடு தென்னேரிக்குப் போய்விட்டாள். மண்டியை அலமு நடத்தினாள். ஒருநாள் தம்பி பெண்சாதி அம்சாவிடம், "அவ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் லோகாம்பாள். தான் கேட்டிருக்கலாம் என்று அவள் வாயில் வரவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊரே காஞ்சிபுரம் போகும். அவள் மட்டும் கடைசிவரை அந்த பஸ்ஸில் ஏறவில்லை.