சித்தியைக் கடித்த சிலந்தி

பழி போடுவதற்குச் சிலந்தியை விட வசதியான உயிர் கிடையாது. மறுத்துப் பேசாது. எங்கள் சித்தப்பா இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பா செல்போன் கடை வைத்திருந்தார். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் சித்தியின் முழங்கைக்கு மேலே வட்டமாக ஒரு புண் வந்தது. எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது என்று சொன்ன சித்தப்பா, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தையும் எல்லாருக்கும் காட்டினார். கறுத்த உடம்பு, வயிற்றில் சிவப்புப் புள்ளி.

"வெளிநாட்டுச் சிலந்தியாம். மரப்பெட்டில சரக்கோட சரக்கா வந்து இங்கன பரவிட்டாம். கடிச்சா சதையே அழுகிப் போயிருமாம்."

எங்கள் ஊரில் விஷப்பூச்சி கடித்தால் முதலில் கோவிலுக்குத்தான் போவோம். புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவோம். கடித்த ஜந்துவின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவோம். கோவில் வாசல் கடையில் பாம்பு இருந்தது, தேள் இருந்தது, சிலந்தி இல்லை.

"தேளையே போடுங்க அண்ணாச்சி. அதுக்கும் எட்டுக் கால்தான், சாமி புரிஞ்சுக்கிடும்," என்றார் கடைக்காரர்.

சித்தப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தேளை உண்டியலில் போட்டார். அந்தக் கும்பிடு நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தேளை வாங்கிக்கொண்டும் சாமி சும்மா இருந்துவிட்டது. சித்தியின் தோளில் அடுத்த புண் வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சித்தி என்றால் எனக்கு உயிர். அந்தச் சிலந்தியை நானே பிடித்துவிடுவது என்று தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். காலண்டருக்குப் பின்னால், குளியலறை மூலையில், அரிசி மூட்டைக்கு அடியில் என்று தேடித் தேடி, அகப்பட்டதையெல்லாம் ஈர்க்குச்சியால் புரட்டி வயிற்றைப் பார்த்தேன். நூல் நூலாகக் கால் நீண்டவை இருந்தன, ஜன்னலில் தத்தித் திரியும் சின்னவை இருந்தன. ஒன்றுக்கும் சிவப்புப் புள்ளி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோறு போடக் குனிந்த சித்தியின் கழுத்தில் புதுப் புண்.

"நான் இந்த வீட்டுல எல்லாப் பூச்சியையும் புரட்டிப் பாத்துட்டேன் சித்தப்பா. ஒண்ணுக்குமே சிவப்புப் புள்ளி இல்ல. பெறகு யாரு சித்தியக் கடிச்சது?" என்று கேட்டேன்.

சித்தப்பா செல்லை எடுத்துப் பார்த்தார். அப்பா குழம்பில் எதையோ தேடினார். அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள்.

"வாய மூடுட்டி. பெரியவங்க பேசுத எடத்துல ஒனக்கு என்ன வேலை?"

அங்கே பேசியதே நான் ஒருத்திதான்.

இன்று எனக்குச் சிலந்திகளை ஓரளவு அடையாளம் தெரியும். படத்தில் இருந்தது நிஜமாகவே விஷமுள்ளதுதான். ஆனால் எந்தச் சிலந்தி கடித்தாலும் சிகரெட் நுனி அளவுக்கு, அச்சில் வைத்ததுபோல, ஒரே மாதிரி வட்டமாகப் புண் வராது. சித்தப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் சிகரெட் இருக்கும். அது அப்பாவுக்குத் தெரியும். புற்றுமண் பூசிவிட்ட அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கூடப் பிறந்தவளைத் திரும்பக் கூட்டிவந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, எல்லாருமாகச் சேர்ந்து எட்டுக்கால் பூச்சியை நம்பினார்கள். சித்தி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அடி வாங்கிய கோபத்தில் அடுக்களைக்குள் போனேன். சுவரில் பெரிய பழுப்புச் சிலந்தி ஒன்று பரந்து கிடந்தது. கரப்பான் தின்று பிழைக்கிற சாதுவான ஜந்து அது. சுவரிலேயே அதன் மேல் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டு, டம்ளரை எடுத்த கையோடு அடிப்பதற்காகச் செருப்பை ஓங்கினேன். பின்னாலேயே வந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுரு மக்கா. பாவம், அது என்னய ஒண்ணும் செய்யல."

ஒரு அட்டையை டம்ளருக்கு அடியில் செருகி எடுத்துப்போய், கொல்லையில் அதைப் பத்திரமாக இறக்கிவிட்டாள். கடித்த பூச்சிக்கே பரிந்து பேசுகிறாளே என்று எனக்குச் சித்தி மேல்தான் கோபம் வந்தது. அவளோடு பேசாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.