பரலின் அடியில் ஒளித்த வால்வு

1. செத்த பரல்

பரலுக்கு, அதுதான் இரும்புப் பீப்பாய்க்கு, வடிகுழாய் வைப்பது அடியிலா, பக்கத்திலா என்று வெல்டிங் பழகுகிறவர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சோதனைச் சாவடியில் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மரியதாஸ் அண்ணையின் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை, உப்புவெளியில் கெஸ்ட்ஹவுஸ் வைத்திருந்த தில்லையம்பலம் ஐயா மூன்று காலி பியர்ப் பரல்களைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ். வெள்ளைக்காரர் வந்துபோன காலத்தில் மிஞ்சியவை. இப்போது வெள்ளைக்காரரும் இல்லை, பியர் லொறியும் இல்லை. ஐயாவின் தாகம் மட்டும் அப்படியே இருந்தது.

“லொறி வராட்டில் என்ன, நானே காய்ச்சுவன். புத்தகம் இருக்கு. மேல்மூடியை வெட்டிப்போட்டு, வடிக்கிறதுக்கு ஒரு வால்வு வைச்சுத் தாங்கோ.”

“பார்லிக்கு எங்கை போவியள் ஐயா?” என்றார் மரியதாஸ் அண்ணை.

“சலக்கடுப்புக்கு நல்லதெண்டு கடையிலை விக்கிறாங்கள். எனக்கும் வருத்தத்துக்குத்தானே!”

காலிப் பரல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உள்ளே அமுக்கம் நிற்கும். வெட்டுமுன் அதை வெளியேற்ற வேண்டும். தள்ளி நின்று, திருப்புளியால் மேல்வால்வை அமுக்கினேன். புஸ் என்றது. இன்னும் இரண்டு தரம் அமுக்கினேன். நாலாம் தரமும் அமுக்கப் போனபோது அண்ணை கத்தினார்.

“டேய், அது எப்பவோ செத்துப்போச்சு. இன்னும் எத்தினை தரமடா கொல்லப்போறாய்?”

2. இரண்டு போத்தல் வழக்கு

“பக்கத்திலை வைப்பம் ஐயா, அடியிலையிருந்து ரெண்டு விரல் மேலை. மண்டி கீழை நிண்டிடும், தெளிஞ்சது மட்டும் வரும்” என்றேன்.

“அப்ப கீழை நிக்கிற ரெண்டு போத்தல் ஆருக்கு?”

“மண்டிக்கு, ஐயா.”

“மண்டி என்ன எனக்கு மச்சானே? நடு அடியிலை வையும். ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது.”

நான் சொன்னதுதான் சரி. அதிலேயே நின்றிருக்கலாம். ஆனால் அண்ணை அதற்குள், “செய்து முடிச்சதும் நீயே கொண்டுபோய்க் குடு” என்றுவிட்டார். உப்புவெளிக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. இரும்புப் பரல், அதன் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குழாய், பக்கத்தில் வியர்த்து வழிகிற நான். பார்க்கிற ஆமிக்காரன் என்ன நினைப்பான்?

அடியென்றால் ஒரு வசதி இருந்தது. பரல் நிற்பதற்கு அடியில் நாலு விரல் உயரமான ஒரு வளையம் உண்டு. முதல் பரலின் வால்வை அதற்குள்ளேயே அடக்கி ஒட்டினேன். வெளியே ஒன்றும் தெரியாது. ஐயாவுக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது, எனக்குப் பயமும் இல்லை. அன்று அப்படித்தான் நினைத்தேன்.

3. பரீட்சை

அந்தப் பரலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். சாவடியில் நின்ற ஆமிக்காரன் பரலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கை காட்டினான். நான் நன்றி சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை போலும். திரும்பக் கூப்பிட்டுப் பரலைக் கவிழ்த்தான்.

“இது என்ன?”

“வால்வு, சேர்.”

“ஏன் ஒளிச்சு வைச்சது?”

அவனுடைய பெரியவர் வந்தார். என் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டார். அது இல்லாமல் அந்த நாளில் தெருமுனைக் கடைக்கும் போக ஏலாது. பியர் என்று உண்மையைச் சொல்லலாமென்றால், அனுமதி இல்லாமல் காய்ச்சுவது தனிக் குற்றம்.

“தண்ணிக்கு, சேர். குடிக்கிற தண்ணி.”

“அப்ப காட்டு.”

இரண்டு மண்மூட்டைகளின் மேல் பரலை வைத்தார்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். வால்வைத் திறக்க நான் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட வேண்டியிருந்தது. தண்ணீர் என் முகத்தில் கொட்டியது.

பெரியவர் குனிந்து என்னைப் பார்த்தார். “உங்க வீட்டில தண்ணி குடிக்க எல்லாரும் இப்பிடித்தான் படுக்கிறதா?”

சாவடியே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

“கை நல்லம். மூளைதான் இல்ல. பைப் பக்கத்தில வைச்சு இங்க கொண்டு வா. எங்களுக்கும் தண்ணி வைக்கப் பரல் இல்ல. ஐசி அப்ப தாறன்.”

4. பரலின் மாற்றம்

செய்தி கேட்ட தில்லையம்பலம் ஐயா பட்டறைக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “பியருக்குப் பிறந்த பரலிலை தண்ணியோ!”

அடித்துளையை அடைத்து, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் குழாயும் வால்வும் வைத்துச் சாவடியில் கொடுத்தேன். ஐசி கைக்கு வந்தது. படம் என்னுடையதுதானா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

மிச்சப் பரல்கள் இரண்டுக்கும் ஐயாவைக் கேட்காமலே பக்கத்தில் வைத்தேன். கொண்டுபோன அன்று அதே ஆமிக்காரன் நீட்டிக்கொண்டிருந்த குழாயைத் தெரிந்தவன் தோளில் தட்டுவது போலத் தட்டி, “வோட்டர், வோட்டர், போ” என்றான். கவிழ்க்கவில்லை.

முதல் தரம் காய்ச்சிய பியரை ஐயா வடித்தபோது நானும் நின்றேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு பக்கம் கோணியது.

“மண்டி வரேல்லை. அது மட்டும் நல்ல திறம்” என்றார்.

துளை போடுமுன் மண்டி எங்கே நிற்கும் என்று பாருங்கள். பிறகு, திறக்கிறவன் எப்படி நிற்பான் என்று பாருங்கள். பயத்தைக் கேட்டு இடம் குறிக்காதீர்கள். நான் கேட்டேன். குப்புறப் படுத்தேன்.