நைனா அமுக்கிய ‘இரு’ பொத்தான்

நைனா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அப்பாவின் நினைவு மலர் என்றால் மகள் நற்குணங்களை எழுத வேண்டும். அண்ணனும் அப்படித்தான் எழுதச் சொன்னார். ஆனால் நைனாவை நினைக்க உட்கார்ந்தால் எனக்கு அந்த டெலிபோன்தான் முன்னால் வந்து நிற்கிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். ஒரே தங்கையை, அதாவது எங்கள் அத்தையை, அவரே வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். பிறகு திருத்தணிக்கு வந்து பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்தார். முகூர்த்த நாளில் மண்டபங்களில் எங்கள் கடை அண்டாவும் ஜமக்காளமும் இல்லாமல் இருக்காது. ஒத்துக்கொண்ட வேலையை ஒருநாளும் தட்டியதில்லை. கிருத்திகைக் கூட்டத்தில் வண்டி நகராவிட்டால் அண்டாவைத் தலையில் வைத்தாவது கொண்டுபோய் இறக்குவார். யாரையும் கடிந்து பேசமாட்டார். அவருக்குச் சேர வேண்டிய கோபத்தையும் ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான்.

ஊரே செல்போனுக்கு மாறிய பிறகும் நைனா மாறவில்லை. “ஒயரு இருந்தாத்தாம்மா போனு வெச்ச எடத்துல இருக்கும்” என்பார். சரி என்று அண்ணன் கடைக்குப் புதிதாக ஒரு மேசை டெலிபோன் வாங்கி வந்தார். அதில் கூப்பிடுபவர் நம்பர் தெரியும், ஒரே பொத்தானில் வீட்டுக்குப் பேசலாம், கணக்குப் போடலாம், அலாரம் வைக்கலாம். பேசுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. அலாரம் பகல் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கும். ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாமல், கடைக்கு வந்த அம்மா போனில் என்னிடம் சொன்ன மருமகள் புகாரைக் கடையே கேட்டது. பொத்தான்களில் இருந்த ஆங்கிலம் நைனாவுக்குப் புரியாததால் அண்ணன் தமிழில் எழுதி ஒட்டினார். ஹோல்ட் பொத்தானில் ‘இரு’ என்று ஒட்டினார்.

எல்லாச் சனியனும் அந்த இரண்டு எழுத்தில்தான் இருந்தது.

நான் அரக்கோணத்திலிருந்து பேசுவேன். பேசி முடித்து, “சரி நைனா, வெச்சிட்டுமா?” என்றதும் காதில் ஒரு பொம்மைப் பாட்டு பாட ஆரம்பிக்கும். நான் “நைனா, நைனா” என்று கத்துவேன். பாட்டுதான் பாடும். கடுப்பாகி வைத்துவிடுவேன். போன் கெட்டுவிட்டது, மாற்றுங்கள் என்று அண்ணனிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். “நல்லாத்தான் இருக்குது, நீ பொறுமையா பேசு” என்று எனக்கே புத்தி சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் மாமா, அத்தையின் கணவர், காலமானார். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் ஊர் திரும்பிய பின், அத்தை நைனாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். நைனாவும் அழுதிருக்கிறார். கடைசியில் “சரிண்ணா, வெக்கிறேன்” என்று அத்தை சொன்னதும், அதே பாட்டு.

சொந்தத்தில் அடுத்து வந்த கல்யாணத்தில் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது. “புருசன் போய்ட்டான்னு நான் அழுதுகினு கீறேன், எங்கண்ணன் பாட்டு போட்டுக் காட்டுது” என்று அத்தை சொன்னாராம். நைனா திகைத்துப்போனார். “நான் எங்கமா பாட்டு போட்டேன்? கடையில ரேடியோவே ஓடல” என்றார். போன் போட்டால் அத்தை எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது, சின்னம்மா ஊரிலிருந்து பேசினார். அவர் வைக்கப்போகும் நேரத்தில் நைனாவின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது.

“இத ஏன் நைனா அமுக்கற?”

“இருன்னு போட்டுருக்குதே. வெக்கிறேன்னு சொல்றாங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இருன்னு சொல்றேன்.”

“வாயால சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா, வேல கீது, சோறு வெந்துகினு கீதுன்னு சொல்லுவாங்க. அமுக்குனா, இருக்கறாங்களோ இன்னாவோன்னு பாத்தேன்.”

அமுக்கினால் எதிர்ப்பக்கம் பாட்டு ஓடும், இவர் பக்கம் சத்தமே கேட்காது. எதிரில் இருப்பவர் இருக்கிறார் என்று நினைத்து, ரிசீவரைக் காதில் வைத்தபடி காத்திருப்பார். என் அழைப்புகளுக்கும் அப்படித்தான் காத்திருந்திருக்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ‘நிறுத்தி வை’ என்று நீட்டி எழுத அண்ணனுக்குக் காகிதமா பஞ்சம்?

அத்தையிடம் விளக்க நான் பள்ளிப்பட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். “போன் பேச்ச மட்டும் எடுக்காத, வேற இன்னாவாச்சும் பேசு” என்றார். அண்ணன் போனபோதும் அதே பதில். நைனா தானே போய்ச் சொல்கிறேன் என்றார். கால் வீக்கம் வடியட்டும், வடியட்டும் என்று நாள் தள்ளி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். திரும்பவில்லை. துக்கத்துக்கு அத்தை வந்தார், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்.

கடைசி நாட்களில் நைனாவைத் தூக்கி உட்காரவைத்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், கூலி வாங்காமல் பந்தல் போட்ட கடைப் பையன்களுக்கும், ராப்பகலாக உடனிருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தை, உங்கள் அண்ணன் அன்று பாட்டுப் போடவில்லை. போனை வைக்காதே என்று சொல்லத்தான் பார்த்தார். நேரில் சொல்ல நீங்கள் விடாததால் அச்சில் சொல்கிறேன். முதல் பிரதியை எங்கள் அண்ணன் அச்சகத்திலிருந்து நேராக உங்களிடம் கொண்டுவருவார்.

மற்ற உறவினர்களுக்கு இந்த மலர் திவசத்தன்று கையில் கிடைக்கும். அத்தை வந்திருக்கிறாரா என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதும் எனக்குத் தெரியவில்லை. வந்திருந்தால், யாரும் போன் பேச்சை எடுக்க வேண்டாம். முதலில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.